அண்ணன் வந்தபோது நான் கூரைமேல் இருந்தேன்

கீழேயிருந்து யாரோ “பரமேசு” என்று கூப்பிட்டார்கள்.

அன்று சிட்னியில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரர் வாயில் பெயர் சுருங்கி நான் ‘பாம்’. என் புருஷன் செபஸ்திக்கு நான் ‘இஞ்சரும்’. வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்த்த மோல்ட்டா நாட்டுக் கிழவி கார்மனுக்கு நான் ‘மிஸிஸ்’. ஆகவே வெயிலில் காதுக்குள் ஏதோ ஒலிக்கிறது என்று நினைத்து, வாயில் கவ்வியிருந்த கூரை ஆணிகளில் ஒன்றை எடுத்துத் தகரத்தில் வைத்து அடித்தேன்.

மறுபடியும் அந்தக் குரல். குனிந்து பார்த்தேன்.

என் பெரியண்ணன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, சப்பாத்து முழுக்கச் செம்மண். கொழும்பில் அரசாங்க எஞ்சினியர் அவர். மெல்பேர்னுக்கு ஏதோ பயிற்சிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கிருந்து ரயிலேறி, ஸ்டேசனிலிருந்து மண் ரோட்டால் நடந்து, என் காணிக்குள்ளேயே வந்து நிற்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவரும் என்னை அப்படி எதிர்பார்த்திருக்கமாட்டார். செபஸ்தியின் காற்சட்டையைப் போட்டு இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். தலையில் அவருடைய பழைய தொப்பி. கூரையின் கைமரத்தில் ஒரு கால், குறுக்கே அடித்த மரச் சலாகையில் ஒரு கால்.

“என்ன செய்யிறாய் அங்க?”

ஆணிகளைக் கையில் துப்பினேன். “கூரை போடுறன் அண்ணை.”

“இறங்கி வா.”

“வாறன். இந்தத் தகரத்தை அடிச்சுப்போட்டு வாறன்.”

“இறங்கு பிள்ளை. ஆக்கள் பாக்கினம்.”

“இஞ்ச ஆர் அண்ணை பாக்கிறது? கார்மனும் அவவின்ர கோழியளும்தான்.”

விரல் காட்ட வந்தவர்

இந்தப் பத்திரிகையில் சென்ற வாரம் நான் எழுதிய கட்டுரையைப் படித்த வாசகி ஒருவர், “ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?” என்று கேட்டிருந்தார். கஷ்டம் என்ற சொல்லை நான் எங்கேயும் எழுதவில்லை, அம்மா. திரும்பத் தேடிப் பார்த்தேன். இல்லை.

செபஸ்தியை நான் கண்டது பரமட்டாவுக்குப் பக்கத்தில் நான் தாதியாக வேலை செய்த ஆஸ்பத்திரியில். லண்டனில் படிப்பை முடித்துவிட்டு, கறுப்புத் தோலுக்கும் கதவு திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு சிட்னிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. காயத்துக்கு மருந்து கட்டும் அறையில் ஒரு கறுத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ரயில் பெட்டி திருத்துகிற இடத்தில் வேலை. மெசினில் விரல் நசிந்திருந்தது. டொக்டர் “நோகிறதா?” என்று கேட்க, “நோ, நோ” என்று சிரித்தார். டொக்டர் தையல் ஊசியை இறக்கியதும் பல்லுக்குள்ளே தமிழில் ஏதேதோ சொன்னார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: “நோகுதெண்டு சொல்லுங்கோ. விறைக்க ஊசி போடுவினம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் தமிழோ?”

“ஓம்.”

“அப்ப நான் சொன்னதெல்லாம் விளங்கினதோ?”

“எல்லாம் விளங்கினது. டொக்டரின்ர தாயைப் பற்றிச் சொன்னதும்.”

அடுத்த கிழமை கட்டு மாற்ற வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். அதன்பிறகு கட்டே இல்லை, அப்போதும் வந்தார். எங்கள் மூத்த தாதி என்னைக் கூப்பிட்டு, “உன் விரல்காரர் வந்திருக்கிறார். விரலில் ஒன்றும் இல்லை. மற்றதை நீ பார்த்துக்கொள்” என்றாள்.

பரமட்டா ஆற்றங்கரையில் உட்கார்ந்து பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிடும்போது அவர் கேட்டார். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பழகிய மனிதர், நேரே விஷயத்துக்கு வரத் தெரியாது.

“எனக்கு ஒரு ஏக்கர் காணி வாங்கி வீடு கட்ட விருப்பம். தனியக் கட்ட ஏலாது. ஒருத்தர் மற்றப் பக்கம் பிடிக்கவேணும்.”

“எதை?”

“எல்லாத்தையும்தான்.”

நான் ஓம் என்றேன். கையில் ஒட்டியிருந்த உப்பைக்கூடத் துடைக்கவில்லை. இதைவிட நன்றாக யாரும் யாரையும் பெண் கேட்டிருக்கமாட்டார்கள் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

தலை முழுகினார்கள்

அந்த நாட்களில் நான் ஹோம்புஷில் ஒரு தமிழ் டொக்டர் வீட்டில் அறை எடுத்திருந்தேன். இன்று அந்த ஸ்டேசனில் இறங்கினால் தோசை மணக்கிறது. அன்று அந்த வீட்டுக் குசினியைத் தவிர வேறெங்கும் தமிழ் மணக்காது. சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரு வரவேற்பறையில் உட்காரவைக்கலாம். உட்காரவைத்து எங்களைப் பற்றிப் பேசினார்கள்.

டொக்டரின் மனைவியை நாங்கள் அன்ரி என்போம். என் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவர். அவர்தான் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

“அவையள் ஆர் எண்டு விசாரிச்சனீரோ?”

“ஓம் அன்ரி. மன்னார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவை. தேப்பன் கடலுக்குப் போறவர்.”

“தெரிஞ்சுகொண்டோ ஓமெண்டனீர்?”

“நாங்கள் மீன் தின்னிறனாங்கள்தானே அன்ரி. ஆரோ பிடிச்சுத்தானே வருது.”

அவர் முகம் சிவந்து எழும்பினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லவேண்டும், அவனா இந்த வீடா என்றார். நான் சனிக்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முடிவு தெரிந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக ஏன் அந்த வீட்டில் சாப்பிடவேண்டும்?

பதிவுத் திருமணம். தாலி இல்லை. செபஸ்தி கடைசல் மெசினில் தானே கடைந்த உருக்கு மோதிரத்தைப் போட்டுவிட்டார். கறுக்காது, வளையாது என்று பெருமையாகச் சொன்னார். ஊரிலிருந்து ஒரேயொரு செய்தி வந்தது: என்னைப் பெற்ற ஐயா என்னைத் தலை முழுகிவிட்டார்.

கராஜ்

எங்கள் காணி பிளக்டவுனுக்கும் அப்பால், ரயில் பாதை மெலிந்து போகிற பக்கம் இருந்தது. யூகலிப்டஸ் மரங்களும் முள்ளுப்பற்றையும். மழை பெய்தால் ரோடு கரைந்துபோகும். வீடு முடியும்வரை கராஜில் குடியிருக்கலாம் என்று நகரசபை அனுமதி தந்தது. அங்கே பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். இத்தாலிக்காரர், மோல்ட்டாக்காரர், போலந்துக்காரர், எல்லோரும் முதலில் கராஜ், பிறகு வீடு.

முதல் கோடையில் பற்றை வெட்டினோம். பழுப்புப் பாம்பு ஒன்று கராஜ் வாசலில் வெயில் காய்ந்தது. அதற்குப் போக வழி விட்டு நாங்கள் சுற்றிப் போனோம். காலையில் குக்கபரா பறவைகள் மரத்தில் இருந்து எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும். “கட்டி முடிச்சாப் பிறகு சிரியுங்கோ பாப்பம்” என்று செபஸ்தி அவற்றுக்குப் பதில் சொல்வார்.

கழிவுக் குழாய் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. வளவின் மூலையில் ஒரு சின்னக் கொட்டில், உள்ளே வாளி. கிழமைக்கு ஒருநாள் விடியற்காலையில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டமாக வந்து, நிறைந்த வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறும் வாளியை வைத்துவிட்டுப் போவார். முதல் தடவை பார்த்தபோது நான் வாயடைத்து நின்றேன். எங்கள் ஊரில் அந்த வேலை செய்தவருக்குத் தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார்கள். இந்த மனிதர் விசிலடித்துக்கொண்டு வந்தார், “குட் மோர்னிங்” சொன்னார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் கை கழுவிவிட்டு, வாசலில் நின்று குடித்துவிட்டுத்தான் போவார்.

அன்ரி ஒருநாள் மனம் கேளாமல் என்னைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன்.

“கோப்பையிலயோ குடுக்கிறனீர்?”

“ஓம் அன்ரி. இப்ப உங்கட கையில இருக்கிறதுதான்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குடித்து முடித்திருந்தார், அது எனக்குப் போதும்.

வேலையில்லாத நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் வீடு கட்டினோம். அத்திவாரம், தரைப் பலகை, சட்டம் என்று ஒவ்வொன்றாக எழும்பியது. அவர் அறுத்தால் நான் பிடித்தேன். பிறகு நான் அறுக்க அவர் பிடித்தார். என் உள்ளங்கை காய்த்துப்போனது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி, “சிஸ்டர், உங்களுக்குக் கொத்தனார் கை” என்றார். “ஆமாம், கொத்தனாரும் நான்தான்” என்று சொல்லி அவருக்கு ஊசி போட்டேன்.

பாதிக் கூரை போட்டிருந்தபோது, காற்று ஒரு தகரத்துக்குள் புகுந்து அதைச் சிறகுபோலத் தூக்கியது. செபஸ்தி தகரத்தை விடவில்லை. தகரத்தோடு சேர்ந்து கீழே விழுந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நான் அவருடைய காலை இரண்டு சலாகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். கார்மனின் புருஷன் கோழி ஏற்றும் லொறியில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அன்ரி அதை ஊருக்கு அறிவித்திருக்கிறார். அண்ணன் வந்து நின்றதன் காரணம் அதுதான்.

பச்சை வானம்

நான் இறங்கவில்லை. அண்ணன் கீழே மரக்கட்டை ஒன்றில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, மேலே பார்த்தே கதைத்தார்.

“அந்தாள் இனி எழும்பி நடக்குமோ தெரியாதாம்.”

“ஓம். எனக்கும் சொன்னவை.”

“அப்ப இந்த வீட்டை விடன். ஆருக்கு இது?”

“தரைப் பலகை நனைஞ்சா ஊதிப்போடும் அண்ணை. இண்டைக்கு முடிக்கவேணும்.”

“நான் என்ன கேக்கிறன், நீ என்ன சொல்லுறாய்?”

அப்போது கார்மன் வேலியைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். அறுபதைக் கடந்த பருத்த உடம்பு, காலில் இறப்பர் பூட்ஸ். மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். வானம் கறுப்பாக இல்லை, பாசி பிடித்த கண்ணாடிபோலப் பச்சையாக இருந்தது. காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. கோழிகள்கூடக் கத்தவில்லை.

“கல் விழும்” என்றாள் கார்மன். “பெரிய கல்.”

இன்னும் நாலைந்து தகரம் இருந்தது. கார்மன் யாரையும் கேட்காமல் ஒன்றைத் தூக்கி ஏணியில் சாத்தி மேலே தள்ளினாள். நான் இழுத்து வைத்து அடித்தேன். அடுத்ததைத் தூக்கியபோது காற்று திரும்பி வந்தது. தகரம் அவளைப் பம்பரமாகச் சுழற்றியது. அவள் விழப்போனாள்.

“விடுங்கோ அம்மா, விடுங்கோ” என்று தமிழில் கத்திக்கொண்டு அண்ணன் எழுந்தார். டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுத் தகரத்தைப் பிடித்தார். ஏணியில் ஏறி, தலையால் முட்டி, தகரத்தை என்னிடம் தந்தார்.

“எந்தப் பக்கம்?”

“ஒரு நெளிவு மேல ஏறவேணும் அண்ணை. மற்றத் தகரத்துக்கு மேல.”

ஏற்றினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நான் சொன்னதைச் செய்தார். தகரம் வரும், நான் அடிப்பேன், அடுத்தது வரும். செபஸ்தி விழுந்தது இதே இடம், இதே காற்று. பயமில்லை என்று சொன்னால் பொய். பயந்துகொண்டே அடித்தேன்.

கடைசித் தகரத்துக்குக் கடைசி ஆணி இறங்கியபோது முதல் கல் என் தோளில் விழுந்தது. கார்மன் கோழிகளிடம் ஓடினாள். நாங்கள் கராஜுக்குள் ஓடினோம்.

ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் ஒருவருக்கொருவர் உரத்துக் கத்தித்தான் பேசமுடிந்தது. அண்ணனின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் வாளும் சுத்தியலும், அவற்றுக்கு நடுவே கஞ்சி போட்டு மடிப்புக் குலையாமல் தொங்கிய என் வெள்ளைத் தாதிச் சட்டை. அதைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னார்: “ஐயா சொன்னவர், வாறாளெண்டாக் கூட்டிக்கொண்டு வா எண்டு. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினமாம்.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஐயா இலேசில் இறங்கி வருகிற மனிதர் அல்ல. அந்த ஒரு வசனத்துக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அது கடைசியில் கடல் தாண்டி வந்துவிட்டது.

“அவரும் வரலாமோ?”

அண்ணன் கிழிந்த சட்டைத் தோளைத் தடவிப் பார்த்தார். கல் விழுந்துகொண்டே இருந்தது.

“அப்ப நான் வரேல்ல அண்ணை.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் கூரையில ஏறினனான்.”

“ஐயாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

“கண்டனான் எண்டு சொல்லுங்கோ. கூரை போட்டுக்கொண்டு நிண்டவள் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் தகரம் பிடிச்சதையும் சொல்லுங்கோ.”

“அதைச் சொல்லமாட்டன்” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது.

பரமட்டா ஸ்டேசன்

மழை விட்டதும் நான் முகம் கழுவிச் சீலை உடுத்தேன். இருவரும் ஸ்டேசனுக்கு நடந்தோம். ரோட்டோரப் புல்லெல்லாம் வெள்ளைக் கற்கள், நசிந்த யூகலிப்டஸ் இலை மணம். அந்தக் காலத்துச் சிவப்பு ரயில்களில் கதவு சாத்துவதில்லை. வாசலில் நின்றுகொண்டே போனோம். அவர் மத்திய ஸ்டேசனுக்குப் போய் மெல்பேர்ன் ரயில் பிடிக்கவேண்டும். நான் பரமட்டாவில் இறங்கி, செபஸ்தி படுத்திருந்த என் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாலையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் தொடங்கப்போகிறது.

“வாங்கோவன் அண்ணை, ஒருக்கா அவரைப் பாத்திட்டுப் போகலாம்” என்று கேட்டேன்.

ரயில் நின்றது. நான் இறங்கினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கால் படியில் வந்தது. பிறகு உள்ளே போனது.

“சாப்பிடு. மெலிஞ்சுபோனாய்” என்றார். ரயில் வெளிக்கிட்டது.

அதன்பிறகு பல வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், எல்லாவற்றையும் பற்றி. அந்தப் படியைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசியதில்லை. ஐயா கடைசிவரைக்கும் மாறவில்லை. செபஸ்தியின் கால் பொருந்தியது, ஒரு விரற்கடை குட்டையாக. வீடு எழும்பியது. எங்கள் இரண்டு பெண்களும் அங்கேதான் வளர்ந்தார்கள். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று மாலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது இவற்றில் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

வார்டில்

செபஸ்தி இடுப்பிலிருந்து பாதம்வரை மாக்கட்டோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“நீர் போகேல்லையோ?”

“எங்க?”

“அன்ரி மத்தியானம் வந்தவ. அண்ணை கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாராம். போம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன். இந்தக் கால் பொருந்துமோ எண்டு அவங்களுக்கே தெரியாது. அன்ரி சொல்லுறது சரிதான்.”

அண்ணன் மேல் வராத கோபம் இவர் மேல் வந்தது. தோள் வலித்தது. கையில் ஆணி கிழித்த இடம் எரிந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவே உட்கார்ந்தேன்.

“ஆத்தங்கரையில என்னை ஆர் கேட்டது?”

“நான்தான்.”

“ஆர் ஓமெண்டது?”

“நீர்.”

“அதை நான் திருப்பி எடுத்தனானோ?”

அவர் கண் கலங்கியிருந்தது.

“நான் எடுக்காததை நீங்கள் ஆர் எடுத்து அன்ரியிட்டக் குடுக்க?”

பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்கும்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: “தகரம் முழுக்க அடிச்சாச்சு. முகடு மட்டும் திறந்து கிடக்கு. முகட்டுத் தகரத்தை எப்பிடி வைக்கிறது?”

செபஸ்தி தலையைத் திருப்பினார். “முழுக்கவோ?”

“முழுக்க.”

“பிழையா அடிச்சிருப்பீர்.”

“வந்து பாருங்கோ.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என் கைப்பையிலிருந்த பேனையை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கடதாசி இல்லை. பல்லைக் கடித்து உடம்பை நிமிர்த்தி, தன் தொடைமேல் இருந்த வெள்ளை மாக்கட்டில் ஒரு கோடு கீறினார். “இது முகட்டு வளை. இஞ்ச இருந்து ரெண்டு பக்கமும் மடக்கவேணும். பிடிச்சுக்கொண்டு அடியாதையும், முதல் நடுவில ஒண்டு அடியும்.”

அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் வந்து நின்றார். அவர் முன்னால் நான் அதுவரை “யெஸ், சிஸ்டர்” என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை.

“நேரம் முடிந்துவிட்டது. அது ஆஸ்பத்திரி மாக்கட்டு, கீறுவதற்கில்லை. என்ன நடக்கிறது இங்கே?”

நான் எழும்பவில்லை.

“வீடு கட்டுகிறோம், சிஸ்டர்” என்றேன். “இன்னும் கொஞ்சம் இருக்கிறது.”

செபஸ்தி மறுபக்கக் கோட்டைக் கீறத் தொடங்கினார்.